வகுத்தால் ஒரு முடிவு, கோவேரியேட்டாகப் போட்டால் இன்னொரு முடிவு: மூளை அளவுக் கணக்கில் தலை அளவுத் தொல்லைகள்

சென்ற மாசியில் ஒரு நாள் காலை ஏழு மணிக்கு போன். ரேடியாலஜி முதுகலை படிக்கும் மாணவி. ராத்திரி தூங்கவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது.

"சார், அப்படியே பார்த்தா ரெண்டு குரூப்புக்கும் வித்தியாசமே இல்ல. ஐசிவியால வகுத்தா பெரிய வித்தியாசம் வருது. கோவேரியேட்டா போட்டா அதுல பாதிதான் நிக்குது. தீசிஸ்ல எதை எழுதுறது சார்?"

"இப்போதைக்கு எதையும் எழுதாதீங்கம்மா. புள்ளியெல்லாம் ஒரு படமா வரஞ்சு எடுத்துக்கிட்டு வாங்க" என்றேன்.

வலிப்பு நோயாளிகளின் ஹிப்போகேம்பஸ், அதாவது நினைவோடு தொடர்புடைய மூளைப் பகுதி, சுருங்கியிருக்கிறதா என்பது அவருடைய ஆய்வு. ஐசிவி என்று அவர் சொன்னது மண்டைக்குள் இருக்கும் மொத்த இடம். கோவேரியேட்டாகப் போடுவது என்றால், வகுக்காமல், ஐசிவியையும் ஒரு காரணியாகக் கணக்கில் சேர்த்து அதன் பங்கைப் பிரித்துப் பார்ப்பது. நோயாளிகள் உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் பக்கத்திலிருந்து வந்தவர்கள், பெரும்பாலும் ஆண்கள். கன்ட்ரோல்களாக, அதாவது ஒப்பிடுவதற்கான நலமானவர்களாக, ஸ்கேனில் படுத்தவர்களில் முக்கால்வாசிப் பேர் நர்சிங் மாணவிகள். இதற்காக அவரைக் குறை சொல்ல மாட்டேன். உடம்பில் ஒரு நோயும் இல்லாத ஆள் யார் சும்மா வந்து அரை மணி நேரம் அந்தக் குழாய்க்குள் அசையாமல் படுப்பார்? கூப்பிட்டால் வரக்கூடியவர்கள் அதே வளாகத்தில் இருப்பவர்கள்தான். ஆனால் ஆண்களின் மண்டைக்குள் இருக்கும் இடம் பெண்களுடையதைவிடச் சராசரியாகப் பத்து, பன்னிரண்டு சதவீதம் கூடுதல். ஆகவே நோய் என்ற பேச்சை எடுப்பதற்கு முன்பே அவருடைய இரண்டு குழுக்களும் வேறுவேறு தலைகளோடுதான் நின்றன.

இதே நிலையில் மாட்டிக்கொண்டவர்களுக்காக எழுதுகிறேன். உங்கள் அறிகுறி எதுவோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் தாண்ட வேண்டாம்.

எந்த அறிகுறியானாலும் முதல் வேலை

ஐசிவி என்றால் மண்டையோட்டின் உட்கொள்ளளவு. மூளை, அதைச் சுற்றியுள்ள நீர், உறைகள் எல்லாம் சேர்ந்து இருக்கும் இடம். இதை ஏன் அளவுகோலாக எடுக்கிறோம்? சிறுவயதில் மூளை வளர வளர ஓடும் அதற்கு இடம் விட்டு வளர்கிறது. வளர்ந்து முடிந்த பிறகு வயதாலோ நோயாலோ மூளை சுருங்கினாலும் ஓடு அப்படியே நிற்கிறது. கீழடிக்குப் பக்கத்தில் கொந்தகையில் தாழிகளிலிருந்து எடுத்த மண்டையோடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருந்த மூளை மக்கிப் போய் இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும் அது இளமையில் எவ்வளவு பெரிதாக இருந்தது என்பதை ஓடு இன்னும் வைத்திருக்கிறது. நோய் வருவதற்கு முன் மூளை இருந்த அளவுக்கு நம்மிடம் இருக்கும் ஒரே சாட்சி ஐசிவிதான்.

சரி, வேலைக்கு வருவோம். கிடைமட்ட அச்சில் ஐசிவி, செங்குத்து அச்சில் நீங்கள் ஆராயும் பகுதியின் கொள்ளளவு. குழுவுக்கு ஒரு நிறம், குழுவுக்கு ஒரு கோடு. கிடைமட்ட அச்சைச் சுழியத்திலிருந்து தொடங்குங்கள். புள்ளிகள் எல்லாம் வலது ஓரத்தில் ஒதுங்கிப் போகும், பார்க்க அழகாக இருக்காது, பரவாயில்லை. அந்தக் கோட்டை இடது பக்கம் நீட்டினால் சுழியத்தைத் தொடுகிறதா, மேலே எங்கேயாவது வெட்டுகிறதா என்று பார்ப்பதற்காகத்தான் இது.

அலகையும் அப்போதே பாருங்கள். ஸ்கேனிலிருந்து மூளையை அளக்கும் மென்பொருள்கள் ஒவ்வொன்றும் ஒரு அலகில் தரும். ஃப்ரீசர்ஃபர் கன மில்லிமீட்டரில் தரும். எஸ்பிஎம் லிட்டரில் தரும். கேட்12 மில்லிலிட்டரில் தரும். இரண்டு மென்பொருளின் எண்களை ஒரே எக்செல் தாளில் ஒட்டி, ஒருவருடைய தலை மற்றவருடையதைவிட ஆயிரம் மடங்கு பெரிதாக இருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

வகுத்ததும் வித்தியாசம் பெருத்துவிட்டது, அல்லது இல்லாத வித்தியாசம் முளைத்துவிட்டது

அந்த மாணவியின் தொல்லை இதுதான். இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம், ஏனென்றால் என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் இங்கேதான் நிற்கிறார்கள்.

கொள்ளளவை ஐசிவியால் வகுக்கும்போது, நீங்கள் சொல்லாமலேயே ஒன்றை ஒப்புக்கொள்கிறீர்கள்: தலை இரட்டிப்பானால் இந்தப் பகுதியும் இரட்டிப்பாகும் என்று. அப்படியானால் வரைபடத்தில் கோடு சுழியம் வழியாகப் போக வேண்டும். ஹிப்போகேம்பஸுக்கும் அதன் பக்கத்தில் இருக்கும் அமிக்டலாவுக்கும் அது அப்படிப் போவதில்லை. வீடு பெரிதானால் அடுப்படியும் பெரிதாகும், ஆனால் வீடு இரண்டு மடங்கானால் அடுப்படி இரண்டு மடங்காவதில்லை அல்லவா, அதுபோலத்தான். இதற்கு எதிர்ப்பக்கம் வெள்ளைப் பொருள், அதாவது மூளைப் பகுதிகளை இணைக்கும் நரம்பிழைகள், இருக்கிறது. பெரிய தலைகளில் அது விகிதத்துக்கு மேலாகவே கூடுகிறது, தூரத்துப் பகுதிகளை இணைக்க அவ்வளவு கம்பி தேவைப்படுகிறது.

கணக்காகப் பார்த்தால் தெளிவாகும். கீழே உள்ளவை மாணவியின் எண்கள் அல்ல. அதே வடிவம் வரும்படி நான் அமைத்தவை.

இரண்டு பக்க ஹிப்போகேம்பஸும் சேர்த்து, நலமானவர்களில் 3.1 மில்லிலிட்டரோடு ஐசிவியின் ஒவ்வொரு மில்லிலிட்டருக்கும் 0.003 கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐசிவி 1500 உள்ளவருக்கு 7.6 வரும். 1300 உள்ளவருக்கு 7.0 வரும். இருவரும் முழு ஆரோக்கியம். வகுத்துப் பாருங்கள்: முதலாமவருக்கு 0.507 சதவீதம், இரண்டாமவருக்கு 0.538 சதவீதம். சின்னத் தலைக்காரருக்கு ஹிப்போகேம்பஸ் ஆறு சதவீதம் "பெரிது" என்றாகிவிட்டது. நோயே இல்லாமல் ஒரு வித்தியாசம் பிறந்துவிட்டது.

இப்போது கன்ட்ரோல்களின் சராசரி ஐசிவி 1350, நோயாளிகளுடையது 1480 என்று வையுங்கள். கன்ட்ரோல் சராசரி 7.15. நோயாளிகள் நலமாக இருந்திருந்தால் 7.54 இருந்திருக்கும். நோய் 0.35 குறைத்திருக்கிறது, ஆக 7.19. நேரடியாக ஒப்பிட்டால் 7.15, 7.19. வித்தியாசமே தெரியாது. வகுத்தால் நோயாளிகள் எட்டு சதவீதத்துக்கு மேல் குறைவு. உண்மையில் நோய் செய்தது 4.6 சதவீதம். மாணவி போனில் சொன்னது அப்படியே இதுதான்: அப்படியே பார்த்தால் ஒன்றுமில்லை, வகுத்தால் பெரிது, கோவேரியேட்டாகப் போட்டால் அதில் பாதி. மூன்றில் மூன்றாவதுதான் உண்மைக்குப் பக்கத்தில் நிற்கிறது.

விகிதங்களை வைத்துக் கணக்குப் போட்டால் இல்லாத உறவு தோன்றும் என்று புள்ளியியலாளர் கார்ல் பியர்சன் 1897-இலேயே எழுதிவிட்டார். அவர் எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டே உடல் உறுப்புகளின் அளவுகள்தான். இவ்வளவு பழைய எச்சரிக்கை நம் தீசிஸ்களுக்கு இன்னும் வந்து சேரவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

தீர்வு என்ன? கொள்ளளவை ஒரு பக்கம் வைத்து, குழு, ஐசிவி, வயது, பாலினம் எல்லாவற்றையும் ஒரே ரெக்ரஷனில், அதாவது ஒவ்வொரு காரணியின் பங்கையும் தனியாகப் பிரித்துக் காட்டும் கணக்கில், போடுங்கள். சரிசெய்த எண்ணாகவே வேண்டும், அட்டவணையில் காட்ட வேண்டும் என்றால், மேயோ கிளினிக்கில் கிளிஃபர்ட் ஜாக் குழுவினர் 1989-இல் ஹிப்போகேம்பஸ் அளவுகளுக்குச் செய்த வழி இருக்கிறது: அளந்த கொள்ளளவிலிருந்து, சாய்வு × (அவருடைய ஐசிவி − சராசரி ஐசிவி) என்பதைக் கழிப்பது. சாய்வு என்பது ஐசிவி ஒரு மில்லிலிட்டர் கூடினால் கொள்ளளவு எவ்வளவு கூடும் என்பது, இங்கே 0.003. மேலே உள்ள கணக்கில் சராசரி ஐசிவி 1415 என்றால் கன்ட்ரோல்கள் 7.345, நோயாளிகள் 6.995. வித்தியாசம் 0.35. நாம் வைத்த நோயின் அளவு அப்படியே திரும்பக் கிடைக்கிறது.

வகுத்தே தீர வேண்டும், வழிகாட்டி ஒத்துக்கொள்ளவில்லை என்றால், கொள்ளளவுக்கும் ஐசிவிக்கும் மடக்கை எடுத்து ரெக்ரஷன் ஓட்டுங்கள். வரும் சாய்வு 1 என்றால் தாராளமாக வகுக்கலாம். நம் கணக்கில் அது ஏறத்தாழ 0.6 வரும். அப்போது ஐசிவியை 0.6 அடுக்குக்கு உயர்த்தி அதனால் வகுங்கள். பகுதிக்குப் பகுதி இந்த அடுக்கு மாறும். ஒன்றுக்குக் கண்டதை எல்லாவற்றுக்கும் போடக் கூடாது.

கோவேரியேட்டாகப் போட்டதும் வித்தியாசம் காணாமல் போனது

இதற்கு மூன்று காரணம் இருக்கலாம். மூன்றுக்கும் வைத்தியம் வேறு.

முதலாவது, உண்மையிலேயே வித்தியாசம் இல்லை. குழுக்களில் ஆண் பெண் எண்ணிக்கை வேறாக இருந்து, முன்பு தெரிந்ததெல்லாம் தலை அளவு வித்தியாசம்தான் என்றால், அது போவதே சரி. ஏமாற்றமாக இருக்கும். ஆனால் உங்கள் ஆய்வு ஒரு உண்மையைச் சொல்லியிருக்கிறது, அதை அப்படியே எழுதுங்கள்.

இரண்டாவது, ஐசிவி எண்ணே நோயைக் கொஞ்சம் விழுங்கியிருக்கிறது. ஃப்ரீசர்ஃபர் தரும் ஐசிவி மதிப்பீடான இடிஐவி, மண்டைக்குள் இருக்கும் இடத்தை நேராக அளப்பதில்லை. உங்கள் நோயாளியின் தலையை ஒரு மாதிரித் தலையோடு பொருத்த எவ்வளவு நீட்ட வேண்டியிருந்தது என்று பார்த்து, ஏறத்தாழ 1948 மில்லிலிட்டர் என்ற மாறிலியை அந்த நீட்டல் எண்ணால் வகுத்துச் சொல்கிறது. பெரும்பாலும் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் பொருத்தும்போது மூளையின் உருவமும் இழுக்கிறது. மூளை நன்றாகச் சுருங்கியவர்களில், ஓடு மாறாமலிருந்தும் இந்த எண் கொஞ்சம் தாழ்ந்து வரக்கூடும். தாழ்ந்த எண்ணை வைத்துச் சரிசெய்தால், "இவருக்குத் தலையே சின்னது, அதனால் ஹிப்போகேம்பஸும் சின்னது" என்று கணக்கு சமாதானம் சொல்லிவிடும். ஆல்சைமர், முதுமை மறதி ஆய்வுகளில் இதைக் கட்டாயம் சோதிக்க வேண்டும்.

சோதிப்பது எளிது. எஸ்பிஎம்12-இல் சாம்பல் பொருள், வெள்ளைப் பொருள், நீர் மூன்றையும் கூட்டி வரும் மொத்தத்தை எடுங்கள். அல்லது ஃப்ரீசர்ஃபரின் ஏழாம் பதிப்பில் இருக்கும் சாம்செக் என்ற கருவி தரும் ஐசிவியை எடுங்கள். இரண்டு எண்ணின் வித்தியாசத்தை இரு குழுக்களிலும் பாருங்கள். ஒரு குழுவில் மட்டும் இடிஐவி தாழ்ந்து வந்தால் சிக்கல் அதுதான். சந்தேகம் தீராவிட்டால் பத்துப் பதினைந்து பேருக்குக் கையால் வரைந்து பாருங்கள். எல்லா சிலைஸும், அதாவது ஸ்கேனின் எல்லாக் குறுக்குவெட்டுப் படங்களும், வரைய வேண்டியதில்லை. பத்துக்கு ஒன்று வரைந்தாலே போதுமான துல்லியம் கிடைக்கும் என்று 2000-ஆம் ஆண்டிலேயே காட்டியிருக்கிறார்கள். கீழே எங்கே நிறுத்துவது என்பதை மட்டும், அதாவது மண்டையின் அடித்துவாரத்தில் எந்த மட்டம் என்பதை, முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு எல்லோருக்கும் அதையே கடைப்பிடியுங்கள். வரைபவருக்கு யார் நோயாளி என்று தெரியக் கூடாது.

மூன்றாவதுதான் கடினமானது. நோயே தலையைச் சிறிதாக்கியிருக்கலாம். கருவிலோ குழந்தைப் பருவத்திலோ தொடங்கும் கோளாறுகளில் மூளை குறைவாக வளரும், ஓடும் அதற்கேற்பக் குறைவாக வளரும். ஸ்கிசோஃப்ரினியாவில் பல நாட்டு ஸ்கேன்களைச் சேர்த்துப் பார்த்தபோது ஐசிவியே சராசரியாகக் கொஞ்சம் குறைவாக இருந்தது. அங்கே ஐசிவியைச் சரிசெய்வது என்றால் நோய் செய்த வேலையில் ஒரு பங்கை நாமே துடைத்தெடுப்பது. குழுவோடு பிணைந்த ஒன்றைக் கோவேரியேட்டாகப் போட்டு அதன் பாதிப்பை "நீக்கிவிட்டேன்" என்று சொல்ல முடியாது. எந்த மென்பொருளும் இந்த இடத்தில் உங்களைக் காப்பாற்றாது. கேள்வியைத்தான் தெளிவாக்க வேண்டும். "நோயாளிகளின் ஹிப்போகேம்பஸ் சிறிதா?" என்பது ஒரு கேள்வி. "அதே அளவு தலை உள்ள நலமானவரோடு ஒப்பிட்டால் சிறிதா?" என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்குச் சரிசெய்யாத எண், இரண்டாவதற்குச் சரிசெய்த எண். இரண்டையும் அட்டவணையில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அதோடு ஐசிவியையே குழுக்களுக்கிடையே ஒப்பிட்டு ஒரு வரி எழுதுங்கள். என்னிடம் வரும் எந்த தீசிஸிலும் அந்த வரி இல்லாவிட்டால் நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.

சாய்வை எங்கிருந்து எடுப்பது என்பதில் ஒரு எச்சரிக்கை. குழுவைக் கணக்கில் சேர்க்காமல் எல்லோரையும் ஒன்றாகப் போட்டுச் சாய்வு கண்டு, மிச்சத்தை எடுத்து, பிறகு டி சோதனை ஓட்டுகிறவர்கள் நிறைய. தலை அளவு குழுவோடு சேர்ந்து மாறும்போது அந்தச் சாய்வுக்குள் நோயின் பாதிப்பும் ஒளிந்துகொள்ளும், வித்தியாசம் சுருங்கிவிடும். சாய்வைக் கன்ட்ரோல்களிலிருந்து மட்டும் எடுங்கள், அல்லது ஒரே ரெக்ரஷனில் குழுவையும் சேர்த்து ஓட்டுங்கள். கன்ட்ரோல்கள் எல்லோருக்கும் கிட்டத்தட்ட ஒரே தலை அளவு என்றால் அவர்களிடமிருந்து நம்பகமான சாய்வு கிடைக்காது. அப்போது இரண்டாவது வழிதான்.

ஒன்றிரண்டு பேரின் ஐசிவி நம்ப முடியாததாக இருக்கிறது

பெரியவர்களின் ஐசிவி பெரும்பாலும் 1100-க்கும் 1800 மில்லிலிட்டருக்கும் நடுவில் இருக்கும். 900 என்றோ 2200 என்றோ வந்தால் அந்த ஆளைக் கணக்கிலிருந்து தூக்குவதற்கு முன் ஸ்கேனைத் திறந்து பாருங்கள்.

உச்சந்தலை வெட்டுப்பட்டிருக்கிறதா? அவசரத்தில் எடுத்த ஸ்கேன்களில் இது சகஜம். மாதிரித் தலையோடு பொருத்தியது சரியாக உட்கார்ந்திருக்கிறதா? ஃப்ரீசர்ஃபரோடு வரும் படம் பார்க்கும் கருவியான ஃப்ரீவியூவில் இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால் கோணல் இருந்தால் உடனே தெரியும். கழுத்து அதிகம் வந்த ஸ்கேன்களிலும் பொருத்தம் வழுக்கும், கழுத்தை வெட்டிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். சிலைஸ் தடிமன் கோப்பில் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா? ஒரு முறை ஒரு ஸ்கேன் மையத்திலிருந்து சிடியில் வந்த படங்களில், மாற்றும்போது சிலைஸ் இடைவெளி தவறாகப் பதிந்து, எல்லோருடைய தலையும் மேலும் கீழுமாக நீண்டிருந்தது. ஆளைத் தெரியாதவருக்கு அது தெரியாது. எடுத்த டெக்னீஷியன்தான் பார்த்ததும், "இது அவர் தலை இல்லையே" என்றார்.

இன்னொன்று. நாம் பொருத்தும் மாதிரித் தலைகள் நம் ஊர்த் தலைகள் அல்ல. பரவலாகப் பயன்படும் எம்என்ஐ மாதிரி மாண்ட்ரியலில் 152 இளம் வயதினரின் ஸ்கேன்களிலிருந்து செய்தது. நம்மவர் தலை சராசரியாக அதைவிடச் சிறிது. இதனால் எண் தானாகத் தவறாகிவிடாது, ஆனால் பொருத்தம் வழுக்க வாய்ப்பு கூடுகிறது. ஹைதராபாத் ஐஐஐடி 2019-இல் இந்திய மூளை வரைபடம் ஒன்றை வெளியிட்டது. பெங்களூரு நிம்ஹான்ஸ் 2020-இல் ஆறு முதல் அறுபது வயது வரை வயதை ஐந்து பிரிவாக்கி ஒவ்வொன்றுக்கும் மாதிரிகள் கொடுத்திருக்கிறது. விபிஎம், அதாவது மூளை முழுவதையும் சிறுசிறு புள்ளிகளாக ஒப்பிடும் ஆய்வு, செய்பவர்கள் அவற்றை முயன்று பார்க்கலாம்.

ஸ்கேனிலிருந்து ஐசிவி எடுக்க முடியவில்லை, நாடாவால் தலைச்சுற்றளவு அளந்து போடலாமா என்று கேட்கிறார்கள். வலிப்பு நோயாளிகளில் வேண்டாம். ஃபெனிடாயின் மாத்திரையை வருடக்கணக்கில் சாப்பிட்டவர்களுக்கு மண்டையோடு தடிக்கலாம். நாடா அந்த எலும்பையும் சேர்த்து அளக்கும்.

சரிசெய்த பிறகும் எண் தலை அளவோடு சேர்ந்தே ஏறுகிறது

சரிசெய்த கொள்ளளவை ஐசிவிக்கு எதிராக, ஒவ்வொரு குழுவுக்குள்ளும் தனித்தனியாக வரைந்து பாருங்கள். கோடு படுத்திருக்க வேண்டும். ஏறினால் குறைவாகச் சரிசெய்திருக்கிறீர்கள், இறங்கினால் அதிகமாக. வகுத்தவர்களுக்குப் பெரும்பாலும் இறங்கும்.

கோடு படுத்திருக்கிறது, ஆனாலும் வித்தியாசத்தில் தலை அளவின் வாடை இருக்கிறது என்றால், ஐசிவி அளவில் இரைச்சல் அதிகமாக இருக்கலாம். அளவில் பிழை கூடக் கூடச் சாய்வு தட்டையாகும். மேலே உள்ள கணக்கில் 0.003 என்ற சாய்வு பிழையால் 0.002 ஆகிவிட்டால், நோயாளிகள் 0.35 குறைவு என்பதற்குப் பதிலாக 0.22 குறைவு என்றுதான் வரும். மீதி தலை அளவுக்குள் மறைந்துவிடும். இதற்குப் புள்ளியியல் தந்திரம் தேடுவதைவிட, மேலே சொன்னபடி மோசமான ஐசிவிகளைத் தேடித் திருத்துவதே பலன் தரும்.

இரண்டு குழுவின் கோடுகளும் இணையாக இல்லாமல் கத்தரிக்கோல் மாதிரி வெட்டிக்கொண்டால், "சரிசெய்த வித்தியாசம்" என்று ஒரே எண் கிடையாது. எந்தத் தலை அளவில் ஒப்பிடுகிறீர்கள் என்பதைப் பொறுத்து அது மாறும். குழு × ஐசிவி பெருக்கலை ரெக்ரஷனில் சேர்த்துப் பார்த்துவிட்டு, படத்தையே ஆய்வில் போடுங்கள்.

பாலினமும் ஐசிவியும் சேர்ந்ததும் பிழை எல்லை வீங்குகிறது

இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்தவை, வீங்கத்தான் செய்யும். அதற்காக ஒன்றைத் தூக்கி எறியாதீர்கள். வயதும் பாலினமும் ஐசிவியும் மூன்றும் இருக்கட்டும். ஐசிவியிலிருந்து சராசரியைக் கழித்துவிட்டுப் போட்டால் மற்ற எண்களைப் படிப்பது எளிதாகும். ஆண் பெண் வித்தியாசமே உங்கள் கேள்வி என்றால், ஒரே ஐசிவி உள்ள ஆண்களையும் பெண்களையும் சோடி சேர்த்துத் தனியாக ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். பெரிய ஆண் தலைகளும் சின்னப் பெண் தலைகளும் மட்டுமே இருந்து நடுவில் யாருமே இல்லை என்றால், ரெக்ரஷன் அந்த வெற்றிடத்தில் கற்பனையாகக் கோடு போடுகிறது என்று பொருள்.

புறணித் தடிமனுக்குச் சரிசெய்ததும் விசித்திரமான முடிவு

சரிசெய்யாதீர்கள். மூளையின் மேலடுக்கான புறணியின் பரப்பு தலையோடு நன்றாகக் கூடும், தடிமன் மிகக் கொஞ்சமாகத்தான் மாறும். பரப்புக்கும் கொள்ளளவுக்கும் ஐசிவி போடுங்கள், தடிமனுக்கு வயதும் பாலினமும் போதும்.

விபிஎம்மில் எல்லாமே மறைந்துவிட்டது

கேட்12 தரும் கோப்புகளின் பெயரைப் பாருங்கள். எம்டபிள்யூபி1 என்று தொடங்கினால் தலை அளவு இன்னும் உள்ளே இருக்கிறது, மொத்த ஐசிவியைக் கோவேரியேட்டாகப் போட வேண்டும். எம்0டபிள்யூபி1 என்றால், அதாவது நடுவில் சுழியம் இருந்தால், தலையை நீட்டிய அளவு ஏற்கெனவே கழிக்கப்பட்டுவிட்டது. அதன்மேல் மறுபடி ஐசிவி போட்டால் ஒரே கடனை இரண்டு முறை அடைத்த கதை. ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நான் முதலாவதையே சொல்வேன், ஏனென்றால் இரண்டாவதில் வகுத்தலின் அதே குறை ஒளிந்திருக்கிறது.

நோயாளிகள் ஒரு மெஷினில், கன்ட்ரோல்கள் இன்னொரு மெஷினில்

மதுரை மாசி வீதிகளில் மல்லிகை வாங்கியவர்களுக்குத் தெரியும், முழம் என்பது விற்பவரின் கை. ஒரு அம்மாவின் முழமும் பக்கத்துக் கடைக்காரரின் முழமும் ஒன்றல்ல. ஸ்கேனரும் அப்படித்தான். காந்தப்புலச் சரிவு துல்லியமாக ஒத்திசைக்கப்படாவிட்டால் ஒரு மெஷினின் மில்லிமீட்டர் இன்னொன்றின் மில்லிமீட்டர் ஆகாது. நீளத்தில் ஒரு சதவீதம் பிசகினால் கொள்ளளவில் மூன்று சதவீதம் பிசகும். முழுத் தலையும் ஹிப்போகேம்பஸும் சேர்ந்தே வீங்குவதால் ஐசிவி சரிசெய்தல் இதில் ஒரு பங்கை எடுத்துவிடும். ஆனால் படத்தின் தெளிவு, சாம்பலுக்கும் வெள்ளைக்கும் உள்ள வேறுபாடு, மெஷினின் காந்த வலிமை 1.5 டெஸ்லாவா 3 டெஸ்லாவா என்பவற்றால் வரும் வித்தியாசம் அப்படியே நிற்கும். குழுவும் மெஷினும் முழுக்க ஒன்றாகிவிட்டால் எந்தக் கணக்காலும் பிரிக்க முடியாது. இரண்டு மெஷினிலும் இரண்டு குழுவும் கொஞ்சமாவது இருந்தால் மெஷினை ஒரு காரணியாக ரெக்ரஷனில் போடலாம்.

மென்பொருளுக்கும் இதே விதி. ஃப்ரீசர்ஃபர் பதிப்பு மாறினாலும், இயங்குதளம் மாறினாலும்கூட எண்கள் மாறுகின்றன என்று 2012-இல் ஒரு ஆய்வு காட்டியது. எல்லோரையும் ஒரே கணினியில், ஒரே பதிப்பில் ஓட்டுங்கள். பாதியில் புதிய பதிப்புக்கு மாறினால் பழையவர்களையும் மறுபடி ஓட்டத்தான் வேண்டும்.

வலிப்பு ஆய்வு செய்பவர்களுக்கு மட்டும் ஒன்று

நோய் ஒரு பக்க ஹிப்போகேம்பஸில் இருந்தால், அதே ஆளின் மறுபக்கத்தோடு ஒப்பிடுங்கள். இடம், வலம் இரண்டின் வித்தியாசத்தை அவற்றின் சராசரியால் வகுத்தால் தலை அளவு தானாகவே அடிபட்டுப் போகும். இரண்டும் ஒரே மண்டைக்குள், ஒரே மெஷினில், ஒரே நிமிடத்தில் எடுத்தவை. நலமானவர்களிலும் வலப்பக்கம் கொஞ்சம் பெரிதாக இருக்கும் என்பதால் சுழியத்தோடு அல்ல, கன்ட்ரோல்களின் சராசரியோடுதான் ஒப்பிட வேண்டும். இரண்டு பக்கமும் பாதிக்கப்பட்டவர்களில் இது ஏமாற்றும், அவர்களுக்கு மேலே சொன்ன வழிதான்.

மாணவியின் படத்தை மேசையில் விரித்தபோது நோயாளிகளின் சிவப்புப் புள்ளிகள் வலது பக்கம், கன்ட்ரோல்களின் நீலப் புள்ளிகள் இடது பக்கம், நடுவில் ஏழெட்டு மட்டும் கலந்திருந்தன. அதைப் பார்த்ததும் அவரே சொன்னார்: "இந்த நடுவுல ஆளே இல்லையே சார்." ஆமாம், அங்கே ஆண் கன்ட்ரோல்கள் வேண்டும். எங்கே போவது? நோயாளிகளோடு துணைக்கு வந்து வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் அண்ணன் தம்பிகளைக் கேட்டுப் பார்க்கச் சொன்னேன். ஒரே குடும்பம், ஒரே ஊர்ச் சாப்பாடு, கிட்டத்தட்ட ஒரே வளர்ப்பு, நர்சிங் மாணவிகளைவிட எவ்வளவோ பொருத்தமான ஒப்பீடு. நெறிமுறைக் குழுவிடம் திருத்தத்துக்கு அனுமதி வாங்கவே ஐந்து வாரம் ஆனது. பங்குனி தாண்டி, சித்திரைத் திருவிழாவுக்கு ஊர் நிரம்பியிருந்த வாரத்தில் முதல் தம்பி ஸ்கேனில் படுத்தார். இதுவரை ஒன்பது பேர் சம்மதித்திருக்கிறார்கள்.